கண் வலியோடு குழந்தையை வகுப்புக்கோ விளையாட்டுக்கோ அனுப்பலாமா? முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஓவிய வகுப்பு. தூங்கி எழுந்து வந்த குழந்தைக்கு ஒரு கண் திறக்கவில்லை; இமை மயிரெல்லாம் மஞ்சள் பீளையில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டால் உள்ளே வெள்ளை விழி சிவந்து கிடக்கிறது. குழந்தையோ, "எனக்கு ஒண்ணுமே இல்லை, போகலாம்" என்று பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது.

இதே நிலையில் ஒருமுறை "தூசி விழுந்திருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் மகளை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்த மூன்று குழந்தைகளைக் காணோம். மூவருக்கும் கண் வலி. அவளிடமிருந்துதான் போனது என்று யாரும் சொல்லவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. ஆனால் கிரேயான் டப்பா ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக எழுதியது இது. அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கண் சிவந்து, நீரோ பீளையோ வடிந்துகொண்டிருக்கும்வரை கட்டாயமில்லாத கூட்டங்களுக்குப் போக வேண்டாம். பிறந்தநாள் விழா, விளையாட்டுக் குழு, நீச்சல், கதை நேரம் எல்லாம் இதில் அடங்கும். பள்ளிக்கூடம் வேறு கணக்கு. அதைக் கீழே சொல்கிறேன். பொறுமை இருப்பவர்கள் படிப்படியாக வாருங்கள்.

படி 1: எந்தச் சிவப்பு என்று பாருங்கள்

கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டிவிடுகிறோம். சிவப்பில் பல ரகம் உண்டு. சில காட்டுத்தீ மாதிரி பரவும், சில ஒட்டவே ஒட்டாது. ஒட்டாத கண் சிவப்புக்காகக் குழந்தையை ஒரு வாரம் வீட்டில் அடைத்து வைப்பதும் பாவம்தான்.

குழந்தையைச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கீழிமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். இமையின் உட்புறத்தையும் வெள்ளை விழியையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வுதான் வெண்படலம். அது வீங்கிச் சிவப்பதைத்தான் கண் வலி என்கிறோம்.

வைரஸால் வந்தது என்றால் பெரும்பாலும் தண்ணீர் போல வடியும். மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மற்றதற்கும் தாவும். கூடவே சளியோ தொண்டை வலியோ இருக்கலாம். காதுக்குச் சற்று முன்னால் விரலால் தடவிப் பார்த்தால் சில குழந்தைகளுக்குச் சின்னதாக ஒரு நெறிக்கட்டி தட்டுப்படும். இந்த வகைக்கு அடினோ வைரஸ்தான் முக்கியக் காரணம்.

பாக்டீரியா என்றால் மஞ்சளாக அல்லது பச்சையாகக் கெட்டியான பீளை வரும். துடைத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் சேரும். இது பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம். கண்ணோடு சேர்ந்து காதும் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அலட்சியம் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பாக்டீரியா காரணமாக இருக்கக்கூடும். அப்போது கண் சொட்டு மருந்து மட்டும் போதாது.

ஒவ்வாமையா? இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் சிவக்கும். வலியைவிட அரிப்புதான் பெரிதாக இருக்கும். கசக்கிக் கசக்கியே கண்ணைப் புண்ணாக்கும். தும்மலும் மூக்கில் நீரும் கூட வரும். இது ஒட்டாது. புகை பட்டாலும், ஷாம்பு போனாலும், குளத்து நீரின் குளோரினாலும் வரும் சிவப்பும் ஒட்டாது. சில மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். இமை ஓரத்தில் எழும் கண் கட்டிக்காகவும் யாரும் வகுப்பை விட வேண்டியதில்லை.

கைக்குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில பச்சைக் குழந்தைகளுக்குக் கண்ணீர்க் குழாய் முழுதாகத் திறந்திருக்காது. கண் எப்போதும் ஈரமாக இருக்கும், தூங்கி எழுந்தால் பீளை ஒட்டியிருக்கும், ஆனால் வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கும். இது தொற்று இல்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். தாய்மார் குழுவில் யாராவது முகம் சுளித்தால் தைரியமாகச் சொல்லலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே நிபுணராகிவிட வேண்டாம். பீளையின் நிறத்தை மட்டும் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று மருத்துவர்களே தடுமாறும் நேரம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒட்டும் வகை என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் மற்றக் குழந்தைகளுக்கு நல்லது.

படி 2: வகுப்பை மறந்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரங்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் "போகலாமா வேண்டாமா" என்ற கேள்விக்கே இடமில்லை.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்தாலோ சீழ் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். பிரசவத்தின்போது தொற்றும் சில கிருமிகள் பச்சிளம் கண்ணைச் சீக்கிரமே பாழாக்கிவிடும். அடுத்து, கடுமையான வலி. வெளிச்சத்தையே பார்க்க முடியாத கூச்சம். கண்ணைச் சிமிட்டிய பிறகும் தெளியாத மங்கல். கண்ணைச் சுற்றி வீங்கி, காய்ச்சலும் அடித்து, விழியை அசைத்தால் வலிக்கிறது என்றால் தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். அது அவசர சிகிச்சைக்கு உரியது. இமையில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள், கண்ணில் அடிபட்டது, ஏதாவது குத்தியது, கான்டாக்ட் லென்ஸ் அணியும் பிள்ளைக்கு வந்த சிவப்பு இவையும் அப்படித்தான்.

காய்ச்சலையும் கவனியுங்கள். சிவந்த கண், காய்ச்சல், இருமல், பிறகு உடம்பில் தடிப்பு என்று வரிசையாக வந்தால் தட்டம்மையாக இருக்கலாம். அப்போது நேரே போய் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உட்காராமல், முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, ஐந்து நாளாகக் காய்ச்சல் விடாமல், உதடும் நாக்கும் சிவந்திருந்தால் கவாசாகி நோயா என்று பார்ப்பார்கள். அரிதுதான், ஆனால் இதயத்தைத் தொடும் நோய் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

படி 3: எப்படிப் பரவுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பார்வையால் எந்தக் கிருமியும் பயணம் செய்வதில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சக் கூச்சம் குறையும், கை அடிக்கடி கண்ணுக்குப் போகாமல் கொஞ்சம் தடுக்கும். அவ்வளவுதான் அதன் பயன். "கண்ணாடி மாட்டிவிட்டேன், இனி அனுப்பலாம்" என்பது கணக்கே இல்லை.

உண்மையில் பயணம் செய்வது கை. ஐந்து வயதுக் குழந்தையை ஒரு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். கண்ணைக் கசக்கும். அதே விரலால் பச்சை கிரேயானை எடுக்கும். பாதி வரைந்ததும் பக்கத்துக் குழந்தை அந்தப் பச்சையைக் கேட்கும். கொடுத்தாயிற்று. வாங்கிய குழந்தை நெற்றியில் விழும் முடியை ஒதுக்கும், மூக்கைத் தேய்க்கும், அப்புறம் கண். முழுச் சங்கிலியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

துண்டு, தலையணை உறை, கைக்குட்டை, கண் மை, சொட்டு மருந்துக் குப்பியின் நுனி எல்லாமே இதே வேலையைச் செய்யும். சளி இருமலோடு வரும் வகை தும்மல் துளிகளாலும் பரவும்.

அடினோ வைரஸைப் பற்றி இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரியாது. ஒன்று, அது உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. காலையில் ஒரு குழு விளையாடிய பொம்மையை மாலையில் வரும் குழு தொட்டாலும் போதும். இரண்டாவது, அதற்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. அதனால் சளிக்காய்ச்சல் வைரஸை எளிதில் கொல்லும் ஆல்கஹால் சானிடைசர் இதனிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 நொடித் தேய்ப்பும்தான் வேலை செய்யும். பைக்குள் சானிடைசர் இருக்கிறது என்ற தைரியத்தில் அனுப்பாதீர்கள்.

கண் வலி எவ்வளவு வேகமாக ஊரைச் சுற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1969இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், வெள்ளை விழியில் ரத்தம் கசியும் ஒரு புதுவகைக் கண் வலி வெடித்துக் கிளம்பியது. மனிதன் நிலாவில் கால் வைத்த அதே வருடம் என்பதால் மக்கள் அதற்கு அப்பல்லோ நோய் என்றே பெயர் வைத்தார்கள். அங்கிருந்து அது கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்தது. காரணம் என்டெரோ வைரஸ் 70 என்று பிறகு தெரியவந்தது. நிலாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழுவாத கைகளே போதுமானதாக இருந்தன.

படி 4: எத்தனை நாள் ஒட்டும் என்று கணக்கிடுங்கள்

வைரஸ் வகை என்றால் கண் சிவந்து நீர் வடியும்வரை ஒட்டும். பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை நீளலாம். கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதனால்தான் "அந்த விழாவுக்குப் போய் ஒரு வாரம் ஆயிற்றே, அங்கிருந்து வந்திருக்காது" என்ற வாதம் நிற்பதில்லை. ரத்தம் கசியும் வகை மட்டும் விதிவிலக்கு. ஒன்றிரண்டு நாளிலேயே வந்துவிடும்.

பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழித்து அனுப்பலாம் என்பது பல இடங்களில் நடைமுறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த 24 மணி நேரக் கணக்கு பாக்டீரியாவுக்கு மட்டும்தான். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. "நேற்றே மருந்து ஊற்றிவிட்டோம், இன்று ஒட்டாது" என்று வைரஸ் கண்ணோடு குழந்தையை அனுப்புவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடுபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார வழிகாட்டல் கண் வலிக்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை என்கிறது. ஆஸ்திரேலியாவில் குழந்தைக் காப்பகங்களுக்கான வழிகாட்டல், கண்ணிலிருந்து வடிவது நிற்கும்வரை அனுப்பாதீர்கள் என்கிறது. ஜப்பானில் கொள்ளைநோய் போலப் பரவும் கண் வலி வந்தால், இனி ஒட்டாது என்று மருத்துவர் சொன்ன பிறகே பள்ளிக்குத் திரும்ப முடியும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடுவில் நிற்கிறது: காய்ச்சல் போன்றவை இல்லாவிட்டால் மருத்துவரின் ஒப்புதலோடு போகலாம், ஆனால் அறிகுறி இருக்கும்போது மற்றவர்களோடு நெருங்கிப் பழகும் வேலை என்றால் போகக்கூடாது.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். லேசான நோய்க்காக ஒரு வாரம் பாடத்தை இழப்பது நியாயமா என்று இங்கிலாந்து கேட்கிறது. பொம்மையை வாயில் வைக்கும் வயதில் எப்படித் தடுப்பது என்று ஆஸ்திரேலியக் காப்பகம் கேட்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நிற்பது எந்தக் கேள்வி என்று பாருங்கள். பள்ளிக்குச் சொன்ன சலுகையைப் பிறந்தநாள் விழாவுக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடாது. பள்ளி இழப்பு நிஜமான இழப்பு. விழாவைத் தவறவிட்டால் ஒரு மாலை அழுகை.

படி 5: அந்த இடத்தில் கைகள் என்ன செய்யும் என்று யோசியுங்கள்

என்னைப் பொறுத்தவரை முடிவை எடுக்கும் இடம் இதுதான். நோயின் பெயரைவிட, போகிற இடத்தில் கைகளுக்கு என்ன வேலை என்பதே முக்கியம். கண்ணை மூடி அந்த ஒரு மணி நேரத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

தவழும், நடை பழகும் குழந்தைகளின் விளையாட்டுக் குழு: வேண்டவே வேண்டாம். ஒரே பொம்மை பத்துக் கைக்கும் நாலு வாய்க்கும் போகும். இங்கே "கையை நல்லா கழுவிக்கோ" என்பதற்கு அர்த்தமே இல்லை. தாயின் மடியில் பிறந்து சில வாரமே ஆன தம்பியோ தங்கையோ இருக்க வாய்ப்பு அதிகம் என்பது இன்னொரு காரணம்.

நீச்சல்: கண் முழுதாக வெளுக்கும்வரை கூடாது. குளோரின் கிருமியைக் கொன்றுவிடும் என்பார்கள். சரியாகப் பராமரிக்காத குளத்திலிருந்து காய்ச்சலும் தொண்டை வலியும் கண் சிவப்புமாக அடினோ வைரஸ் பரவியது பலமுறை நடந்திருக்கிறது. ஜப்பானில் அதற்குக் குளத்துக் காய்ச்சல் என்றே பெயர். தவிர, வீங்கிய கண்ணில் குளோரின் நீர் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். நீச்சல் கண்ணாடியை இரவல் கொடுக்கும் பழக்கம் வேறு.

ஓவியம், களிமண், கைவேலை: பொருள்கள் கைமாறும் வகுப்புகள். தனிப் பெட்டி, தனி மேசை என்று பெரிய பிள்ளைக்கு ஏற்பாடு செய்ய முடியும். ஆறு வயதுக்குக் கீழே நடக்காது.

மல்யுத்தம், ஜூடோ, கபடி போல உடம்பு உரசும் விளையாட்டுகள்: கூடாது. ஓட்டப் பயிற்சி, தூரத்தில் நின்று ஆடும் ஆட்டங்கள்: பந்தும் தண்ணீர்ப் புட்டியும் வியர்வைத் துண்டும் பொதுவா என்பதைப் பொறுத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் புட்டி, தன் துண்டு, கண்ணைத் தொடாமல் இருக்கும் கட்டுப்பாடு, வடிதலும் நின்றுவிட்டது என்றால் நான் அனுப்புவேன்.

பாட்டு வகுப்பு: வெறும் குரல் பயிற்சி என்றால் ஆபத்து குறைவு. சளி இல்லாமல், வடிதல் நின்றிருந்தால் யோசிக்கலாம். வாத்தியக் கருவிகள் பொதுவானவை என்றால் கதை மாறிவிடும். விசைப்பலகையை எல்லாரும் தொடுவார்கள். நிறைய ஆசிரியர்கள் ஒரு வாரம் மட்டும் காணொளி வழியாக எடுக்கச் சம்மதிப்பார்கள், கேட்டால்தானே தெரியும்.

முகச்சாயம் பூசும் விழாக்கள், வேடம் போடும் நாடக ஒத்திகை: ஒரே தூரிகை பத்து முகத்தில் ஓடும் இடம். கண் வலி இல்லாத குழந்தைக்குக்கூட நான் கண்ணருகே பூச விடுவதில்லை.

இரவு தங்கும் முகாம்: தலையணை, குளியலறை, பகிரும் துண்டு. பணம் கட்டியாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் கூடாது. முகாமின் நடுவில் இரண்டாவது கண்ணும் ஒட்டிக்கொண்டால், தெரியாத இடத்தில் குழந்தைக்குத்தான் வேதனை.

அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் ஒரு நொடி யோசியுங்கள். பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்ட தாத்தா பாட்டி இருக்கும் இடம் என்றால் அளவுகோலைக் கடுமையாக்குங்கள்.

படி 6: கண் வலி உங்களுக்கு என்றால்

குழந்தை நன்றாக இருக்கிறது, உங்களுக்குத்தான் கண் சிவந்திருக்கிறது. இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதற்கே தயங்குகிறார்கள். பெற்றோர் கூடவே இருக்க வேண்டிய சிறு குழந்தைகளின் குழு என்றால் நீங்கள் போகக்கூடாது. நீங்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை. விழுந்த பொம்மையை எடுத்துக் கொடுப்பீர்கள், அடுத்தவர் குழந்தையைத் தூக்குவீர்கள்.

குழந்தையை வாசலில் விட்டுவிட்டு வரும் வகுப்பு என்றால், வேறு யாராவது கொண்டுபோய் விட முடியுமா பாருங்கள். குழந்தையின் கண்ணில் எந்த அறிகுறியும் இல்லாதவரை அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்பதால் அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு காலையிலும் குழந்தையின் கண்ணைப் பாருங்கள். லேசாக உறுத்துகிறது என்று சொன்ன நாளிலேயே நிறுத்துங்கள்.

வகுப்பு நடத்துபவரே நீங்கள் என்றால் இன்னும் தெளிவு வேண்டும். கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பவர், நடனத்தில் தோளைத் திருத்துபவர், குழந்தைகளைத் தூக்குபவர் வடிதல் நிற்கும்வரை விடுப்பு எடுப்பதுதான் சரி.

படி 7: சொல்லிவிடுங்கள்

வராததை மட்டும் சொல்லிக் காரணத்தை மறைப்பது நம்மில் சகஜம். "உடம்பு சரியில்லை" என்று முடித்துவிடுவோம். சென்ற வாரம் குழந்தை அங்கே போயிருந்தால் காரணம் சொல்வது அவசியம். அவர்கள் பொம்மைகளைக் கழுவவும் மற்றப் பெற்றோர் கவனிக்கவும் அதுதான் வழி. நீளமாக எழுத வேண்டாம். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் மிஸ். பாப்பாவுக்கு இன்று காலை கண் வலி தொடங்கியிருக்கிறது, ஒட்டும் வகை போலத் தெரிகிறது. கண் சரியாகும்வரை அனுப்பவில்லை. புதன்கிழமை வகுப்பில் மற்றக் குழந்தைகளோடு கிரேயான் பகிர்ந்திருப்பாள், அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அடுத்த பாடத்தின் தாள் இருந்தால் அனுப்புங்கள், வீட்டில் செய்யச் சொல்கிறேன்."

குழுவில் எல்லாருக்கும் போடாமல் நடத்துபவருக்கு மட்டும் அனுப்புங்கள். யாருடைய குழந்தை என்று பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்குத் தெரிவிப்பது அவர் வேலை.

படி 8: வீட்டில் இருக்கும் நாட்கள்

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. இரண்டு கண்ணுக்கும் ஒரே பஞ்சு கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வைத்தால் உறுத்தல் அடங்கும்.

சொட்டு மருந்து போடுவதுதான் பெரிய போராட்டம். என் மகள் குப்பியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்போது ஒரு மருத்துவர் சொல்லிக்கொடுத்த வழி: குழந்தையைப் படுக்க வைத்துக் கண்ணை இறுக்காமல் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணின் உள்மூலையில், மூக்கோரக் குழியில், ஒரு சொட்டு விடுங்கள். பிறகு "இப்போ திற" என்றால் மருந்து தானாக உள்ளே வழிந்துவிடும். குப்பியின் நுனி இமையையோ மயிரையோ தொடக்கூடாது. முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

வீட்டில் மீந்திருக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்துப் போட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அன்றே சிவப்பு குறைந்து நல்ல பெயர் வாங்கிவிடும். உள்ளே இருப்பது ஹெர்பெஸ் என்ற வைரஸ் தொற்றாக இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். தாய்ப்பால், மூலிகைச் சாறு, தேன் எதையும் கண்ணில் விட வேண்டாம் என்றே கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

துண்டும் தலையணை உறையும் தனி. உறையைத் தினமும் மாற்றுங்கள். உடன்பிறந்தவர்கள் ஒரே கட்டில் என்றால் சில நாள் பிரித்துப் போடுங்கள். லேசான கண் வலி மருந்தே இல்லாமலும் அடங்கும்: பாக்டீரியா வகை பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில், வைரஸ் வகை ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில்.

படி 9: திரும்ப அனுப்பும் முன்

காலையில் எழும்போது இமை ஒட்டவில்லை, பகலில் வடியவில்லை, வெள்ளை விழி வெளுத்துவிட்டது, காய்ச்சல் இல்லை, குழந்தை கண்ணைக் கசக்கவில்லை. இவை இரண்டு நாள் தொடர்ந்தால் அனுப்பலாம். சிவப்பு போன பிறகும் பார்வை மங்கலாகவோ வெளிச்சம் கூசுவதாகவோ இருந்தால் மறுபடி கண் மருத்துவரைப் பாருங்கள். சிலவகை அடினோ வைரஸ் கருவிழியில் சின்ன வெண்புள்ளிகளை விட்டுப் போகும். அவை மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அந்தப் புள்ளிகள் இருக்கின்றன என்பதற்காக ஒட்டும் காலம் நீண்டுவிட்டது என்று பொருளில்லை.

பையைத் தயார்செய்யும்போது ஒரு வேலை பாக்கி இருக்கும். நோய் தொடங்கிய நாளில் குழந்தை தொட்ட பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, மூக்குக் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். கழுவ முடியாத கடினப் பரப்புகளைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்த பிளீச் நீரால் துடைக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் பயன்படுத்தும் பிள்ளை என்றால் பழைய லென்ஸும் அதன் டப்பாவும் குப்பைக்கு. கண் மையும் அப்படியே. பாதி மீந்த சொட்டு மருந்தை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பெரும்பாலான குப்பிகள் திறந்து 28 நாளுக்குமேல் பயன்படுத்தக்கூடாதவை.

கிரேயான்களை என்ன செய்வது என்று நானும் யோசித்திருக்கிறேன். ஈரத் துணியில் சோப்பு தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பச்சையை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன்.